எவரெஸ்ட் விட்டுச் சென்ற ஐந்து விகலை

எவரெஸ்ட் என்றதும் நம் நினைவுக்கு வருவது சிகரம். மனிதரை நினைப்பவர் சிலரே. நில அளவையைப் பாடமாகப் பயிலும் எனக்கோ, அவர் ஏறாத அச்சிகரத்தைவிட அவர் விட்டுச் சென்ற ஒரு சிறு எண்ணே பெரிதாகத் தோன்றுகிறது.

ஜார்ஜ் எவரெஸ்ட் 1790-ல் பிறந்தார். நம் சென்னைப் பரங்கிமலை அருகே 1802-ல் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவையில், 1818-ல் உதவியாளராகச் சேர்ந்தார். 1823-ல் லாம்டன் மறையவே, முழுப் பொறுப்பும் இவரை வந்தடைந்தது. காய்ச்சல் பலமுறை அவரைப் படுக்கையில் தள்ளியது. தாயகம் சென்று, 1830-ல் சர்வேயர் ஜெனரலாகத் திரும்பினார். குன்றுகளற்ற கங்கைச் சமவெளியில் கோபுரங்கள் எழுப்பி, இமயத்தின் அடிவாரம் வரை அளந்து முடித்தார்.

அங்கேதான் சிக்கல் எழுந்தது. மத்திய இந்தியாவின் கலியான்பூருக்கும் இமயத்தை நெருங்கிய கலியானாவுக்கும் இடையேயுள்ள அட்சரேகை வேறுபாட்டை முக்கோணங்களால் கண்டனர்; விண்மீன்களாலும் கண்டனர். இரு விடைகளும் 5.236 விகலை முரண்பட்டன. தரையில் அது சுமார் 160 மீட்டர்! எவரெஸ்ட் அதனை அளவைப் பிழையென்றே கருதினார். ஆயினும் எண்ணை மறைக்கவில்லை. 1847-ல் நூலாக வெளியிட்டார்.

கல்கத்தாவிலிருந்த பாதிரியார் பிராட் அந்த எண்ணைப் பற்றிக்கொண்டார். இமயம் தூக்குக்குண்டைத் தன்பால் இழுக்குமல்லவா? 1855-ல் அவர் கணக்கிட்டபோது 15.885 விகலை வந்தது. மலை இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கே இழுத்திருந்தது! மலைக்கு அடியில் எடை குறைந்த பாறை வேரோடியிருக்கலாம் என்று ஜார்ஜ் எய்ரி அதே ஆண்டில் விளக்கினார்.

இன்று செயற்கைக்கோள்கள் உலகம் முழுவதற்கும் புவியீர்ப்பு மாதிரி தருகின்றன. ஆனால் உயரத்திலிருந்து நோக்கும் அவற்றுக்குச் சிறு மாறுதல்கள் புலப்படா. ஆகவே ஜி.பி.எஸ். தரும் உயரத்திலிருந்து, மட்ட அளவையால் கண்ட கடல்மட்ட உயரத்தைக் கழித்து, வரும் விடையை மாதிரியோடு ஒப்பிடுகிறார்கள். வாய்க்கால் நீர் எப்பக்கம் ஓடும் என்பதைப் புவியீர்ப்பே தீர்மானிப்பதால், இது வெறும் ஏட்டுக் கணக்கன்று.

ஒப்பீட்டில் முரண்பாடு வந்தால் பிழை தரையிலா, மாதிரியிலா? எவரெஸ்ட் எதிர்கொண்ட கேள்வியும் அதுவே. 1866-ல் அவர் மறைந்தார். கணக்கில் ஒட்டாத எண்ணையும் அழிக்காமல் அச்சேற்றிய அந்த நேர்மை, அளவுகோல் பிடிக்கும் நம்மனைவர்க்கும் உரிய சொத்து.