நாராயண்காவ் ஒயினுக்குப் பெயர் தந்த கணித மேதை

புனே: புனே மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள நாராயண்காவில், ஷாட்டோ இண்டேஜ் நிறுவனம் 1980-களில் நுரை பொங்கும் ஒயின் ஒன்றைத் தயாரித்தது. ஷாம்பெயினைப் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கவைக்கப்பட்டு, வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியான அந்த ஒயினின் பெயர் 'ஓமர் கய்யாம்'.

அப்பெயருக்கு உரியவர் 1048-ஆம் ஆண்டு பாரசீகத்தின் நிஷாபூரில் பிறந்தவர். முப்படிச் சமன்பாடுகளுக்குக் கூம்பு வெட்டுகளின் துணையால் தீர்வு கண்டவர். சுல்தான் மாலிக் ஷாவின் அழைப்பின் பேரில் இஸ்ஃபஹான் வானாய்வகத்தில் பணியாற்றினார். 1079-இல் நடைமுறைக்கு வந்த ஜலாலி நாட்காட்டியை வகுத்தோருள் ஒருவர். ஈரானின் இன்றைய நாட்காட்டிக்கும் வேர் அதுவே. 1092-இல் சுல்தான் மறைந்ததும் அரசவை ஆதரவு அற்றுப்போனது. 1131-இல் நிஷாபூரிலேயே காலமானார்.

மதுவைப் பாடிய கவிஞராக மேலைநாடுகள் அவரைக் கொண்டாடத் தொடங்கியது, 1859-இல் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியான பின்னரே. ஒயின் பாட்டில் ஏற்றதும் அந்தப் புகழைத்தான், நாட்காட்டியை அன்று. அவர் பெயரில் வழங்கும் நான்கடிப் பாடல்களுள் எவை அவருடையவை என்பதில் அறிஞர்களிடையே இன்றும் உடன்பாடு இல்லை.