சர் சி. வி. இராமனும் உப்புக் கல்லும்

சாந்தோமிலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே செல்லுஞ் சாலையில் மாநிலக் கல்லூரி விளங்குகின்றது. 1903-ஆம் ஆண்டில் பதினான்கு வயதுச் சிறுவராய் அதனுட் புகுந்தவர் சந்திரசேகர வேங்கட இராமன். 1888-இல் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த அவர் 1930-இல் நோபெல் பரிசு பெற்ற வரலாற்றை அன்பர் பலரும் அறிவர். ஆதலின் அதனை விரியாது, அவர்தம் பிற்கால வாழ்விற் கிளர்ந்த பெருவழக்கொன்றையே ஈண்டு உரைக்கப் புகுந்தோம்.

வழக்கிற்குப் பொருளாயது நாம் உணவிலிடும் உப்பே. உப்புப் பளிங்கில் சோடிய அணுவும் குளோரின் அணுவும் எதிரெதிர் மின்னேற்றம் பெற்று, ஒன்றையொன்று ஈர்த்து, மாறிமாறி அடுக்குற்று நிற்கின்றன. பளிங்கினை அழுத்தின் அணுக்கள் நெருங்கும். விடின் முன்னிலை எய்தும். இதுவே மீள்திறம். வெப்பம் ஏற்றின் அவ்வணுக்களே மிகுதியும் அதிரும். இரண்டற்கும் பிணிக்கும் விசை ஒன்றே. ஆதலின் மீள்திறத்தை அறிந்தார், கடுங்குளிரில் அப்பொருள் கொள்ளும் வெப்பத்தையும் கணித்தறியலாம் என 1912-இல் டெபை காட்டினார். அவ்வாண்டிலேயே மாக்ஸ் போர்ன் என்னும் ஜெர்மானிய அறிஞர் கார்மனுடன் கூடி, அணுக்களின் அதிர்வுகள் பளிங்கு முழுதும் அலைகளாய்ப் பரவும் என்றும், அவற்றின் அதிர்வெண்கள் இடையறாத் தொடராய் அமையும் என்றும் நிறுவினார்.

இராமன் இதனை ஒப்பவில்லை. உப்பிற்குச் சிறப்பாய் உரியன ஒன்பது அதிர்வெண்களே என்பது அவர் துணிபு. பெங்களூரில் அவர்தம் மாணவர் ஆர். எஸ். கிருஷ்ணன் எடுத்த ஒளிநிரலில் தனித்தனிக் கோடுகள் தோன்றியமை அதற்கு அரணாயிற்று. எடின்பரோவிலிருந்த போர்ன் விடவில்லை. தொடரிற் செறிவு மிக்க இடங்களே கோடுகள்போற் காணும் என்று 1947-இல் கணக்கிட்டு மறுத்தார்.

நம் நெஞ்சை வருத்துவது யாதெனின், இட்லர் ஆட்சியாற் பதவியிழந்த அப்போர்னை 1935-இல் பெங்களூர்க்கு வருவித்து, நிலையான பணி பெற்றுத்தர முயன்று இயலாது போனவரும் இராமனே.

1960-இல் கனடா நாட்டில், உப்பின் இனத்ததாகிய சோடியம் அயோடைடை நியூட்ரான் கொண்டு ஆய்ந்தோர் கண்டதும் தொடரே. இவ்வழக்கில் இராமன் பிழைபட்டார் என்று கூற நாம் நாணவேண்டுவதில்லை. கண்ணாற் கண்டதைக் கணக்கினும் மேலாக மதித்த இயல்பே 1928-இல் அவர்க்குப் பெரும்பேறு தந்தது. ஈண்டு வழிமறித்ததும் அதுவே என்பது எம் கருத்து.

அவரோ இறுதிவரை தம் கொள்கையினின்று பெயர்ந்திலர். 1948-இல் தாம் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் பளிங்குகளையும் வயிரங்களையும் தேடித் தொகுத்து ஆய்ந்துவந்து, 1970 நவம்பர் 21-இல் பெங்களூரிற் காலமானார்.