ஹலோ சொன்னால் வேலை செய்த கம்ப்யூட்டர்!

குட்டீஸ், புரோகிராம் எழுதி 'ரன்' கொடுத்ததும் விடை வந்துவிடுகிறது. தப்பு இருந்தால் கம்ப்யூட்டரே காட்டிக் கொடுக்கிறது. ஒரு காலத்தில் இதெல்லாம் நடக்காத காரியம். அதை நடத்திக் காட்டியவர்களில் ஒருவர், ஜான் கெமெனி.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், 1926ல், யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஹிட்லரின் கை ஓங்குவதைக் கண்டு பயந்த அப்பா, முதலில் தனியாக அமெரிக்கா போனார். 1940ல் குடும்பமும் போய்ச் சேர்ந்தது. தாத்தா வர மறுத்துவிட்டார். பாவம், பிறகு நாஜிகளின் படுகொலைக்குப் பலியானார்.

புது நாடு, புது மொழி. ஆனாலும் நியூயார்க் பள்ளியில் முதல் மாணவராகத் தேறினார் கெமெனி. கல்லூரியில் படிக்கும்போதே, லாஸ் அலமாஸ் அணுகுண்டு ஆராய்ச்சிக் கூடத்தில் கணக்குப் போடும் வேலை கிடைத்தது. துளையிட்ட அட்டைகளை இயந்திரங்களில் போட்டு, ஒரு கணக்குக்கு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அடுத்து, ஐன்ஸ்டீனுக்குக் கணித உதவியாளர் ஆனார். ஐன்ஸ்டீனுக்கே கணக்கில் உதவியா என்று சிரிக்காதீர்கள், நிஜம்தான்!

1953ல் டார்ட்மவுத் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். அங்கே அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. அவருடைய நண்பர் தாமஸ் கர்ட்ஸ், துளையிட்ட அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, ரயிலேறி, பாஸ்டன் அருகே உள்ள எம்.ஐ.டி.க்குக் கொண்டுபோவார். ஒரு சின்னத் தப்பு இருந்தாலும் போன வேலை வீண்!

அந்தக் கல்லூரியில் அறிவியல் படிக்காதவர்களே அதிகம். நாளைக்குப் பெரிய பதவிகளில் முடிவெடுக்கப் போகிறவர்கள் அவர்கள். கம்ப்யூட்டர் தெரியாமல் எப்படி என்று இருவரும் யோசித்தார்கள். சரி, எந்த மொழியில் கற்றுத் தருவது? அப்போதிருந்த 'ஃபோர்ட்ரான்' நிபுணர்களுக்கானது. அதையே சுருக்கித் தரலாம் என்பது கர்ட்ஸின் எண்ணம். கெமெனி ஒப்பவில்லை, புதுசாகவே செய்வோம் என்றார். அப்படிப் பிறந்ததுதான் 'பேசிக்'.

10 பிரிண்ட் 2+3
20 எண்ட்

இவ்வளவுதான் புரோகிராம். ரன் என்று தட்டினால் 5 வரும். உள்ளே நுழைய 'ஹலோ', வெளியேற 'குட்பை'. இருப்பது ஒரே கம்ப்யூட்டர் ஆயிற்றே? ஆளுக்குச் சில விநாடி என்று அது மாறி மாறிக் கவனித்தது. அந்த ஏற்பாட்டை எழுதியதில் பெரும்பங்கு மாணவர்களுடையது.

1964 மே 1, அதிகாலை 4 மணி. கெமெனியும் ஒரு மாணவரும் இரண்டு டைப் இயந்திரங்களில் ஒரே நேரத்தில் 'ரன்' தட்டினார்கள். இரண்டிலும் சரியான விடை தாளில் அச்சாகி வந்தது! நூலகப் புத்தகம்போல, மாணவர்களுக்குக் கம்ப்யூட்டரும் இலவசம்.

1970ல் கல்லூரித் தலைவரானார். வகுப்பெடுப்பதை மட்டும் விடவில்லை. 1972ல் பெண்களையும் சேர்க்க வைத்தார். 1992ல் காலமானார்.

1980களில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் பேசிக் வந்தது. உங்கள் அப்பா, அம்மா படித்தார்களா என்று கேட்டுப் பாருங்களேன்!