நீதிபீடத்தினின்று தூதுப்பணிக்கு: எம். சி. சாக்ளா

வழக்கறிஞருக்கும் தூதருக்கும் சொல்லே கருவி. அச்சொல்லுக்கு மதிப்பளிப்பது மொழிபவரின் நேர்மையேயாகும். இவ்வுண்மைக்குச் சான்றாக வாழ்ந்தவர் முகமதலி கரீம் சாக்ளா அவர்கள்.

1900ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பம்பாயில் இஸ்லாமியக் குடும்பமொன்றில் தோன்றிய இவர், ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு பயின்று, பாரிஸ்டர் பட்டமும் பெற்றுத் தாயகம் திரும்பினார். புகழ்மிக்க வழக்கறிஞர் முகமது அலி ஜின்னாவிடம் தொழில் கற்றார். தொடக்க ஆண்டுகளில் வழக்குகள் அரிதாகவே வந்தன. எனினும், 1928இல் மோதிலால் நேரு அறிக்கை பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தபோது, தேச ஒற்றுமையே பெரிதெனக் கருதித் தொழில் ஆசானின் அரசியல் வழியினின்று விலகி நின்றார்.

1941இல் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியான சாக்ளா, 1947 முதல் 1958 வரை அதன் தலைமை நீதிபதியாகத் திகழ்ந்தார். 1908இல் லோகமான்ய திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்ட அதே நீதிமன்றக் கூடத்தில், திலகரின் சொற்கள் பொறித்த கல்வெட்டை 1956இல் திறந்துவைத்தார். அந்நியர் ஆட்சியில் நேர்ந்த அநீதிக்கு அந்நீதிமன்றம் தேடிய கழுவாய் அது.

1958ஆம் ஆண்டு அவருக்குப் பெருஞ்சோதனையாக வந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் கொடுத்து முந்த்ரா கம்பெனிகளின் பங்குகளை வாங்கியது குறித்து விசாரிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூடிய அறையை நாடாது, பொதுமக்கள் அறிய விசாரணை நடத்தினார். நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பொறுப்பேற்றாக வேண்டுமெனத் தயங்காது அறிக்கை அளித்தார். அமைச்சர் பதவி துறந்தார். பிரதமர் ஜவஹர்லால் நேருவுக்கு அது வருத்தம் தந்த நிகழ்ச்சி. ஆயினும் அதே ஆண்டில், அப்பிரதமரே சாக்ளாவை அமெரிக்காவுக்கு இந்தியத் தூதராக அனுப்பினார். கசப்பான உண்மையை உரைத்தவரையே நாட்டின் குரலாக அனுப்பியது இருவருக்கும் பெருமை.

அவர் வாஷிங்டனில் பணியாற்றிய நாளிலேதான், 1960 மே மாதத்தில், 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமை வழங்கும் ஒப்பந்தம் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்குமிடையே கையெழுத்தாயிற்று. பின்னர் 1962-63இல் இலண்டனில் இந்தியாவின் ஹை கமிஷனராகவும், அதன்பின் மத்திய கல்வி அமைச்சராகவும், வெளியுறவு அமைச்சராகவும் தொண்டாற்றினார். 1967இல் கல்வி மொழிக் கொள்கையை ஏற்க மனமின்றி அமைச்சர் பதவியைத் துறந்தார். 1975இல் நெருக்கடிநிலை வந்தபோது, முதுமையையும் பாராது அதனை எதிர்த்துப் பேசினார்.

1981 பிப்ரவரி 9ஆம் நாள் அவர் மறைந்தார். பதவிகள் பல அவரை நாடி வந்தன. எப்பதவிக்காகவும் அவர் தம் மனச்சான்றை விலை பேசியதில்லை. அதுவே அவர் விட்டுச்சென்ற செல்வம்.