ராஜா ராம்மோகன் ராயின் இல்லம்

கொல்கத்தாவில் ராஜா ராம்மோகன் ராய் வாழ்ந்த இரு இல்லங்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று அவரது நினைவு நூதனசாலையாக விளங்குகின்றது. மற்றையது அந்நகரப் பொலிஸாரின் நூதனசாலையாகும். அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்குப் பணிய மறுத்துத் தமது பத்திரிகையையே மூடிய ஒருவரின் இல்லம் பொலிஸாரின் வசமானமை வரலாற்றின் விந்தைகளில் ஒன்றெனலாம்.

1772 இல் வங்காளத்தின் ராதாநகரில் பிராமணக் குடும்பமொன்றில் பிறந்த ராய், சமஸ்கிருதத்துடன் பாரசீகத்தையும் அரபையும் கற்றுத் தேர்ந்தவர். ஏகத்துவத்தை வலியுறுத்தும் அவரது முதல் நூல், அரபு முன்னுரையுடன் பாரசீக மொழியிலேயே வெளிவந்தது. பின்னர் உபநிடதங்களை வங்க மொழியிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்த அவர், இறைவன் ஒருவனே என்ற கோட்பாடு இந்து சமயத்தின் மூலநூல்களிலேயே உண்டென வாதிட்டார். 1828 இல் பிரம்ம சபையை நிறுவினார்.

கணவனின் சிதையில் மனைவியை எரிக்கும் உடன்கட்டை வழக்கத்துக்கு எதிராக 1818 முதல் அவர் எழுதினார். ஆயினும், திடீர்ச் சட்டத்தின் மூலம் அதனைத் தடைசெய்வதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. மக்களின் மனமாற்றத்தையே அவர் பெரிதும் நம்பினார். எனினும் 1829 இல் பெண்டிங்க் பிரபு தடைச்சட்டத்தைக் கொண்டுவந்தபோது அதற்குத் துணைநின்றார். அச்சட்டத்தை நீக்கக் கோரி வைதிகர்கள் லண்டனில் மேன்முறையீடு செய்தபோது, அதனை எதிர்ப்பதற்காக அங்கு சென்றார். 1832 இல் அம்மேன்முறையீடு நிராகரிக்கப்பட்டது.

பத்திரிகையாளர் என்ற வகையிலும் அவர் நினைவுகூரப்பட வேண்டியவர். 1822 இல் மிராத்துல் அக்பார் என்னும் பாரசீக வாராந்தப் பத்திரிகையை ஆரம்பித்தார். மறு ஆண்டில், அனுமதிப்பத்திரமின்றிப் பத்திரிகை வெளியிடலாகாது என்ற ஆணை பிறந்தது. அனுமதி கோரி நிற்பதை இழிவெனக் கருதிய ராய் பத்திரிகையை நிறுத்தினார். நீதிமன்றத்திலும் பின்னர் மன்னரிடத்திலும் முறையிட்டும் பலன் கிட்டவில்லை. 1827 இல் நடைமுறைக்கு வந்த ஜூரிச் சட்டம், கிறிஸ்தவர்களை விசாரிக்கும் ஜூரிகளாக இந்துக்களும் முஸ்லிம்களும் அமர்வதைத் தடுத்தது. இவ்விரு சமூகத்தவரும் ஒன்றாகக் கையொப்பமிட்டு பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவின் பின்னணியில் அவர் இருந்தார்.

மொகலாயப் பேரரசர் இரண்டாம் அக்பரின் தூதுவராகவும் இங்கிலாந்து சென்ற அவருக்கு ராஜா பட்டத்தை வழங்கியவர் அப்பேரரசரே. 1833 செப்டெம்பர் 27 ஆம் திகதி பிரிஸ்டல் நகரில் ராய் காலமானார். பத்திரிகைகள் மீதான அக்கட்டுப்பாடு நீங்கியது 1835 இலாகும்.

தமது சமயத்தின் குறைகளைத் தாமே கண்டித்த அவர், அயற் சமயத்தவரின் உரிமைக்காகவும் தயங்காது குரல் கொடுத்தார். பல சமூகத்தவரும் அடுத்தடுத்து வாழும் எமது நாட்டில், தத்தம் சமூகத்தின் குறைகளைப் பேசத் தயங்குவோருக்கு அவரது வாழ்வு நல்லதொரு பாடமாகும்.