விண்வழி சமைத்த டாட்டா

நம் குடாநாட்டில், இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உறவினர் இல்லாத வீடு அரிது. ஆதலின், விமான நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைகின்றன என்னும் செய்தி வணிகர்க்கு மட்டும் உரியதன்று; நமக்கும் உரியது. அதன் நன்மை தீமைகளை உணர ஜே. ஆர். டி. டாட்டாவின் வாழ்க்கையினும் சிறந்த பாடம் இல்லை என்பது என் துணிபு.

1904ஆம் ஆண்டு யூலை 29ஆம் நாள், பாரிஸ் நகரில், பார்சித் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் மகனாய் அவர் பிறந்தார். இளமையிலேயே பறத்தலில் வேட்கை கொண்டு, 1929இல் இந்தியாவின் முதல் இலக்க விமானி உரிமத்தைப் பெற்றார். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனித்துப் பறக்கும் இந்தியர்க்கு ஆகாகான் பரிசு அறிவித்தார். மறு ஆண்டு கராச்சியிலிருந்து புறப்பட்ட டாட்டா, எதிர்த்திசையில் வந்த ஆஸ்பி எஞ்சினியர் என்னும் இளைஞர் எகிப்தில் ஸ்பார்க் பிளக் இன்றித் தவிப்பதைக் கண்டு, தம்மிடம் மேலதிகமாயிருந்ததை ஈந்தார். பரிசு சில மணி நேரத்தால் அவ்விளைஞர்க்கே சென்றது. அவரே பின்னர் இந்திய வான்படைத் தளபதியானார்.

1932 ஒக்ரோபர் 15ஆம் நாள், ஒற்றை எந்திரச் சிறு விமானத்தில் அஞ்சற் பைகளை ஏற்றிக்கொண்டு, டாட்டா தாமே கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து சென்னைக்கு அவற்றைக் கொண்டு சென்றவர் அவர் நண்பர் நெவில் வின்சென்ற். 1938இல் அச்சேவை கொழும்பு வரை நீண்டது. 1946இல் நிறுவனம் எயர் இந்தியா எனப் பெயர் பெற்றது. 1948 யூன் 8ஆம் நாள் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டனுக்கு அதன் நெடுந்தூரப் பயணம் தொடங்கிற்று. அதற்குச் சில மாதம் முன், 1947 டிசெம்பரில், எயர் சிலோனின் முதல் விமானம் காங்கேசன்துறையில் இறங்கிச் சென்னை சென்றதை நம்மவர் நினைவுகூர்தல் தகும்.

போர் முடிந்தபின் மலிவாய்க் கிடைத்த டக்கோட்டா விமானங்களைக் கொண்டு பல நிறுவனங்கள் முளைத்தன, பயணிகளோ சிலர், நட்டம் பெருகிற்று. 1953இல் இந்திய அரசு அனைத்தையும் தன்வயப்படுத்தி, உள்நாட்டுக்கு ஒன்றும் வெளிநாட்டுக்கு ஒன்றுமாக இரு கூட்டுத்தாபனங்களாக இணைத்தது. டாட்டா இதனை வன்மையாக எதிர்த்தார். ஆயினும், தாம் வளர்த்தது தம் கையைவிட்டுப் போனபின்னும் அதனை வெறுத்து ஒதுங்கினாரல்லர். வெளிநாட்டுச் சேவையின் தலைமையை ஊதியமின்றி ஏற்றார். இதுவே அவர் வாழ்க்கையின் உயர்ந்த பகுதி என்பேன். கால் நூற்றாண்டு அப்பணி தொடர்ந்தது. தாம் பயணஞ்செய்யும் போதெல்லாம் தேநீரின் நிறம் முதற் கழிவறையின் தூய்மை வரை நோக்கிக் குறிப்பெழுதி அனுப்புவார். 1960இல் அச்சேவை நியூயோர்க்கையும் எட்டியது.

1978இல் அரசு அவரை அப்பதவியினின்று நீக்கிற்று. 1982இல், எழுபத்தெட்டு அகவையில், தம் முதல் அஞ்சற் பயணத்தை மீண்டும் தனியே பறந்து காட்டினார். 1992இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1993 நவம்பர் 29ஆம் நாள் ஜெனீவாவில் மறைந்தார்.

அவர்க்குப்பின், 2007இல் இரு அரசு நிறுவனங்களும் ஒன்றாக்கப்பட்டன; நட்டமும் கடனும் குறையவில்லை. 2022 சனவரியில் எயர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்தின் கைக்கு வந்தது; 2024 நவம்பரில் விஸ்தாராவும் அதனுள் அடங்கிற்று. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து வந்திறங்கிய அலையன்ஸ் எயர் அன்று எயர் இந்தியாவின் கிளையே. இன்று அது வேறாகி அரசின் வசமே உள்ளது.

இவ்விணைப்புகளாற் பயன் இல்லை என்று கூறேன். நெடும்பயணத்துக்கு வேண்டும் பெருவிமானங்களை வாங்கச் சிறு நிறுவனங்களால் இயலாது. அன்று இருமுறை தரையிறங்கிச் சென்ற இலண்டனுக்கு இன்று இடைநில்லாது செல்கிறோம். ஆயினும், போட்டி குறையின் கட்டணம் ஏறும். பயணி முறையிட வேறிடம் இராது. பத்திரத்தில் ஒரே நாளில் நிறுவனங்களை இணைத்துவிடலாம். பணியாளரை ஒரு மனத்தினராக்கப் பல்லாண்டு வேண்டும். உடைமை போனபின்னும் கடமையை விடாத தலைவர் ஒருவர் வாய்த்தமையாலேயே 1953இன் இணைப்பிலும் எயர் இந்தியா சிறந்து விளங்கிற்று. இனி வரும் இணைப்புகளுக்கும் வேண்டுவது அத்தகைய கண்ணோட்டமே.