நெல்லிக்காயும் பாஸ்கரரும்

கோளத்தின் மேற்பரப்பளவு, கனவளவு ஆகியவற்றுக்கான சூத்திரங்களை நானும் மனனம் செய்துதான் வைத்திருந்தேன். வட்டத்தின் பரப்பளவை நான்கால் பெருக்க வேண்டும் என்பது தெரியும். ஏன் நான்கு என்பது தெரியாது. அந்த ஏனைத் தேடிப் போனபோதுதான் இரண்டாம் பாஸ்கரர் எனக்கு அறிமுகமானார்.

அவர் பிறந்தது 1114இல், சஹ்யாத்ரி மலையை அண்டிய ஓர் ஊரில். தந்தை மகேஸ்வரரே ஆசிரியர். 36 வயதில், 1150இல், சித்தாந்த சிரோமணியை எழுதி முடித்தார். அதன் முதற் பகுதிதான் லீலாவதி.

விட்டம் 7 உள்ள ஒரு கோளத்தின் கணக்கு அதில் வருகிறது. நாம் பாவிக்கும் 22/7ஐக் கொண்டு பார்த்தால் பரிதி 22, மேற்பரப்பு 154. அவருக்கு முன்பிருந்த லல்லர் என்ற பெரிய வானியலாளரோ வட்டத்தின் பரப்பளவைப் பரிதியால் பெருக்கச் சொன்னவர். அப்படிச் செய்தால் 847 வரும்! மதிப்புக்குரிய முன்னோர் சொன்னதாயிற்றே என்று பாஸ்கரர் விட்டுவிடவில்லை. பிழை என்று வெளிப்படையாகவே எழுதினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

பிழை என்றால் மட்டும் போதுமா? காரணம் காட்ட அவர் எடுத்த உவமை நெல்லிக்காய். நெல்லிக்காயின் மேல் உள்ள கோடுகளைப் போல, கோளத்தின் மேலும் உச்சியிலிருந்து அடிவரை கோடுகள் கீறுகிறார். கிடைக்கும் ஒவ்வொரு கீற்றும் நடுவில் ஓர் அலகு அகலம், இரு முனைகளிலும் கூர். குறுக்கே சிறு சிறு பட்டிகளாகப் பிரித்துக் கூட்டினால், ஒரு கீற்றின் பரப்பு விட்டத்துக்குச் சமமாகிறது. பரிதி எத்தனை அலகோ அத்தனை கீற்றுகள். ஆகவே மேற்பரப்பு என்பது பரிதி பெருக்கல் விட்டம், 22 × 7. வட்டத்தின் பரப்பளவு அதில் கால்வாசி. நான்கு வந்த வழி இதுதான்.

வில்கமுவயில் நெல்லிக்காய்க்குப் பஞ்சமில்லை. உம்மா அச்சாறு போட வைத்திருந்ததில் மூன்றை எடுத்துக் கோடு கோடாய்க் கீறிப் பார்த்தேன். ஏச்சு வாங்கினாலும் கணக்கு விளங்கியது.

கனவளவுக்கு அவர் கோளத்தை ஊசி போன்ற கூம்பகங்களாகப் பிரித்தார். எல்லாக் கூர்களும் மையத்தில் சேரும், உயரம் ஆரை. ஆகவே மேற்பரப்பை விட்டத்தால் பெருக்கி ஆறால் வகுக்க வேண்டும். கிரேக்கரான ஆர்க்கிமிடீசும், ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா சகோதரர் மூவரும் இதே உண்மைகளை வேறு வழிகளில் நிறுவியிருந்தார்கள்.

லீலாவதி என்பது அவருடைய மகளின் பெயர் என்பார்கள். நேரம் காட்டும் நீர்க்கிண்ணத்தில் முத்தொன்று விழுந்து துளை அடைபட, முகூர்த்தம் தவறி அவளுடைய திருமணம் நின்றதாம். மகளைத் தேற்றவே தந்தை இந்நூலை எழுதினாராம். அக்பரின் அவைக் கவிஞர் ஃபைஸி 1587இல் இந்நூலைப் பாரசீகத்தில் பெயர்த்தபோது சொன்ன கதை இது. வரலாறாக இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் நூலின் கணக்குகள் பல ஒரு பெண்ணை விளித்தே கேட்கப்படுகின்றன என்பது உண்மை.

69 வயதிலும், 1183இல், அவர் இன்னொரு வானியல் நூல் எழுதினார். அவருடைய நூல்களைக் கற்பிக்கப் பேரன் சங்கதேவர் நிறுவிய கல்விக்கூடத்தைப் பற்றி 1207ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று மகாராஷ்டிரத்தின் பாட்டணத்தில் இருக்கிறது. அதில் தந்தை, மகன், பேரன் பெயர்கள் உண்டு. லீலாவதியின் பெயரை அதில் காணோம்.